நூற்றைம்பது நாள் கெடு

ஒடெஸா பிரிட்ஜன் ஜாமீன் எழுதும் தொழிலுக்கு வந்தது அவளுடைய தம்பியால்தான். அதற்கு முன்பு கெல்சோ பள்ளிக்கூடத்தின் சமையலறையில் பதினோரு வருடம் வேலை பார்த்தாள். ஒரு நாள் அவள் தம்பியை உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டியதற்காகப் பிடித்துக்கொண்டு போனார்கள். மாஜிஸ்திரேட் விதித்த பிணை வெறும் ஐந்நூறு டாலர். வீட்டில் அது இல்லை. ஊரில் அப்போதிருந்த ஒரே ஜாமீன்காரரோ, இத்தனை சின்ன வேலைக்கெல்லாம் எழுந்து வருவதில்லை என்று சொல்லிவிட்டார். தம்பி இருபத்து மூன்று நாள் உள்ளே கிடந்தான். கடைசியில் நீதிபதி சிறு அபராதம் போட்டு அனுப்பிவைத்தார். அதற்குள் மரக்கடை வேலை கையைவிட்டுப் போயிருந்தது.

"இந்த வேலைய ஒழுங்கா செய்ய ஊர்ல ஒரு ஆளு வேணும்" என்று அன்று அவள் சொன்னாள். சொன்னதோடு நிற்கவில்லை. மாநிலத் தலைநகர் ராலிக்குப் போய் வகுப்பில் உட்கார்ந்தாள், பரீட்சை எழுதினாள், கைரேகை கொடுத்தாள், வட கரோலினா காப்பீட்டுத் துறையிடம் உரிமம் வாங்கினாள். முதல் வருடம் இன்னொரு ஜாமீன்காரரின் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்பது விதி. இருந்தாள். அது நடந்து இருபத்து நான்கு வருடமாகிறது. இப்போது அவளுக்கு வயது அறுபத்தொன்று. நீதிமன்றத்துக்கு எதிரே, டயர் கடைக்கும் முடிதிருத்தகத்துக்கும் நடுவே அவளுடைய அலுவலகம். ஒரு மேஜை, மூன்று நாற்காலி, சுவரில் சட்டம் போட்ட உரிமம்.

மற்றவர்கள் தலைவேதனை என்று திட்டும் விதிகள் ஒடெஸாவுக்குப் பிடிக்கும். பிணைத் தொகையில் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் கூலி வாங்கக் கூடாது. வாங்கும் ஒவ்வொரு காசுக்கும் ரசீது தர வேண்டும். சிறை வாசலில் நின்று ஆள் பிடிக்கக் கூடாது. இன்ன வக்கீலிடம் போ என்று வாய் தவறியும் சொல்லக் கூடாது. ஈடாக வாங்கியதை, பொறுப்பு முடிந்த பதினைந்து நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். தன்னிடம் வருகிறவர்கள் பயந்து நடுங்கி வருகிறவர்கள், அப்படி வருகிறவர்களை ஏமாற்றுவது மிகச் சுலபம், அதனால் இதெல்லாம் இருந்தே ஆக வேண்டும் என்பாள்.

வெர்லீன் ஸ்பைவி அப்படி நடுங்கி வருகிற ரகமில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டுபவள், ஐம்பத்தாறு வயது, இறுகிய வாய். ஒடெஸா சமையலறையில் இருந்த காலத்தில் முதல் நடை முடிந்ததும் பின்கதவு வழியாக வந்து நின்றபடியே சுடச்சுட பிஸ்கட் ரொட்டியும் கிரேவியும் சாப்பிட்டுவிட்டுப் போவாள். அந்தப் பழக்கம். அவள் ஒரு ஜனவரி மாதக் காலையில் அலுவலகத்துக்கு வந்தாள்.

"ஆர்லன புடிச்சுட்டாங்க, மிஸ் ஒடெஸா."

ஆர்லன் அவளுடைய தம்பி. கூரை வேய்கிறவன், நாற்பத்து நான்கு வயது. இடது கையில் இரண்டு விரல் கிடையாது, ஒரு ரம்பம் கொண்டுபோய்விட்டது. மூடிக் கிடக்கும் பஞ்சாலையில் செப்புக் கம்பி திருடினான், தடுக்க வந்த காவலாளியைக் கீழே தள்ளினான் என்று குற்றச்சாட்டு. முன்பே ஒருமுறை இரண்டு வருடம் உள்ளே இருந்துவிட்டு வந்தவன் என்பதால் பிணை முப்பதாயிரம் டாலர்.

"செஞ்சானா?" என்று ஒடெஸா கேட்கவில்லை. அதை அவள் யாரிடமும் கேட்பதில்லை. "வருவானா?" என்றுதான் கேட்டாள்.

"வருவான்."

"சத்தியமா?"

"என் தம்பிம்மா அவன். சத்தியம் பண்ண நான் சாமியா?"

ஒடெஸா சிரித்துவிட்டாள். பதினைந்து வாங்கலாம் என்றாலும் பத்துதான் வாங்கினாள். ஆனால் இத்தனை பெரிய தொகைக்கு ஈடு இல்லாமல் அவளுக்குப் பின்னால் நிற்கும் காப்பீட்டு நிறுவனம் சம்மதிக்காது. வெர்லீனிடம் இருந்தது அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கர், அதன் மேல் ஒரு வீடு. அதை ஈடாக எழுதிய பத்திரத்தில் வெர்லீன் கையெழுத்துப் போட்டாள். அன்று மதியம் ஆர்லன் வெளியே வந்து ஒடெஸாவின் மேஜைக்கு முன்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நீதிமன்றத் தேதி போட்ட காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"தேதிய மறந்தீன்னா உங்கக்கா வீட்டுல வேற யாரோ குடியிருப்பாங்க. தெரியுதா?" என்றாள் ஒடெஸா.

"தெரியுதுங்க, மேடம்."

மார்ச் பதினொன்றாம் தேதி நீதிமன்றத்தில் அவன் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். ஆள் இல்லை.

அடுத்த வாரமே தபாலில் அறிவிப்பு வந்தது. மார்ச் இருபதாம் தேதியிட்டது. அன்றிலிருந்து நூற்றைம்பது நாள். அதற்குள் ஆளைக் கொண்டுவர வேண்டும், அல்லது சட்டம் ஒத்துக்கொள்ளும் ஏழெட்டுக் காரணங்களில் ஒன்றைக் காட்ட வேண்டும். வேறு சிறையில் இருந்தான், வழக்கு முடிந்துபோனது, இப்படிச் சில. கஷ்டம், நோய், மறதி எதுவும் அதில் இல்லை. கெடு முடிந்தால் முப்பதாயிரமும் போகும்.

போகிற இடம்தான் விசேஷம். அந்த மாநிலத்தில் ஓடிப்போனவர்களின் பிணைப் பணம் பள்ளிக்கூடங்களுக்குப் போகிறது. அதனால் ஜாமீன்காரர் விலக்குக் கேட்டு மனுப் போட்டால் எதிர்த்து நிற்பவர் பள்ளி வாரியத்தின் வக்கீல். மாரோ மாவட்டத்தில் அவர் பெயர் ஹாலிஸ் வெதர்பி. வில் டை கட்டிய, மெதுவாகப் பேசுகிற, ஒரு கமாவைக்கூட விடாத மனிதர். நீதிமன்ற எழுத்தர் அலுவலக வரிசையில் ஒடெஸாவைப் பார்த்துவிட்டுத் தொப்பியைத் தொட்டார்.

"ஸ்பைவி ஓடிட்டானாமே, மிஸ் ஒடெஸா. நம்ம நடுநிலைப்பள்ளிக் கூரை ஒழுகுதுன்னு ஆண்டவனுக்குக் கேட்டுடுச்சு போல."

"போன வருஷம் ஒருத்தன் ஓடுனதுலதான் ஜிம்முக்குத் தரை போட்டீங்க. ஒரு மூலையிலயாவது என் பேர எழுதியிருக்கலாம்."

"வாரியத்துல தீர்மானம் கொண்டுவரேன்" என்றார் வெதர்பி. இரண்டு பேருமே சிரித்தார்கள். அவர் விட்டுக்கொடுக்க மாட்டார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

ஒடெஸா வெர்லீனைத் தேடிப் போனாள். பேருந்தைக் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை நிறுத்தவே இல்லை.

"எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது."

"போன் வந்துச்சா?"

"ஒரே ஒரு தடவ வந்துச்சு. எங்க இருக்கேன்னு சொல்ல வாயெடுத்தான். சொல்லாதடான்னுட்டேன். தெரிஞ்சா உங்ககிட்ட பொய் சொல்லணும். உங்ககிட்ட பொய் சொல்ல எனக்கு வராது."

"வெர்லீன், நெலம் போயிடும்."

"தெரியும்."

"ஏன் ஓடுனான்?"

வெர்லீன் குழாயைத் தரையில் போட்டாள். "அந்த ரெண்டு வருஷத்தப் பத்தி அவன் எங்கிட்ட ஒரு வார்த்த பேசுனதில்ல. ஆனா இன்னைக்கும் தூங்கும்போது வெளக்க அணைக்க மாட்டான். நான் வேற என்ன சொல்ல?"

ஒடெஸா அதற்குமேல் கேட்கவில்லை. அவள் கதவை உடைக்கிற, இடுப்பில் துப்பாக்கி வைத்துக்கொண்டு திரிகிற ஜாமீன்காரி அல்ல. அவளுடைய ஆயுதம் தொலைபேசி. ஆர்லன் நிரப்பிய படிவத்தில் இருந்த ஒவ்வொரு எண்ணையும் கூப்பிட்டாள். வாரம் ஒருமுறை மறுபடியும் கூப்பிட்டாள். ஏப்ரல் போனது, மே போனது, ஜூனும் போனது. ஜூலைக் கடைசியில், முன்பு ஆர்லனோடு கூரை வேலை பார்த்த புரூயிட் என்பவன் இவள் தொல்லை தாங்காமல் வாயைத் திறந்தான்.

"கடைசியா பேசும்போது நண்டு பிரிக்கிற எடத்துல இருக்கேன்னான். மெர்சர் பக்கம்னு நெனைக்கிறேன். இனிமே கூப்பிடாதீங்க மிஸ் ஒடெஸா, என் பொண்டாட்டி சந்தேகப்படுறா."

"உன்னயா? போனக் குடு, நான் அவளுக்கு ஆறுதல் சொல்றேன்."

மெர்சர் மூன்று மணிநேரப் பயணம், கடலோரம். ஒடெஸா விடிந்ததும் கிளம்பினாள். கெடுவில் நூற்று முப்பதாவது நாள் அது. நண்டுக் கொட்டகையில் ஆர்லன் ஸ்பைவி என்று யாரும் இல்லை என்றார்கள். ஆனால் இரண்டு விரல் இல்லாத ஒருவன் இருந்தான், டாட்டி அம்மாவின் விடுதியில் தங்கியிருந்தான் என்று ஒருத்தி சொன்னாள்.

டாட்டி எழுபது வயதைத் தாண்டிய வெள்ளைக்காரி. கதவைப் பாதி திறந்து ஒடெஸாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"போலீஸா?"

"இல்லம்மா. ஆர்லன் ஸ்பைவியத் தேடி வந்திருக்கேன். ஜாமீன் எழுதுறவ."

"அது இன்னும் மோசம்" என்றாள் டாட்டி. ஆனால் கதவை முழுதாகத் திறந்தாள். "ஆர்லன் டில்னு ஒருத்தன் இருந்தான். ஸ்பைவி இல்ல. அமைதியான ஆளு. என் பின்பக்கக் கூரைய அவனாவே ஏறிச் சரிபண்ணிக் குடுத்தான். மே மாசம் வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சுருண்டுட்டான். ஆம்புலன்ஸக் கூப்பிட்டேன். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணா, சொந்தக்காரங்களான்னு கேட்டாங்க. இல்லன்னேன். அப்ப ஒண்ணும் சொல்றதுக்கில்லன்னுட்டாங்க. திரும்பி வருவான்னு ஒரு மாசம் ரூம யாருக்கும் குடுக்கல."

ஆஸ்பத்திரியில் ஒடெஸாவுக்கும் அதே பதில்தான் கிடைத்தது. வெளியே வந்து காரில் உட்கார்ந்தாள். தெருவுக்கு அந்தப் பக்கம் அந்த மாவட்டத்தின் பதிவு அலுவலகம் இருந்தது. நிலப் பத்திரம் அங்கேதான், பிறப்பு இறப்புப் பதிவும் அங்கேதான், யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இறங்கிப் போனாள்.

ஸ்பைவி என்ற பெயரில் எதுவும் இல்லை. அவளுக்கு மூச்சு வந்தது. பிறகு, "டில்னு பாருங்க" என்றாள்.

ஆர்லன் டில். மே பத்தொன்பது. குடல்வால் வெடித்து இரத்தத்தில் விஷம் பரவியது. நெருங்கிய உறவினர்: தெரியவில்லை. உடல்: மாவட்டத்தின் பொறுப்பில் எரிக்கப்பட்டது.

ஒடெஸா அந்தத் தாளின் முன்னால் நின்றாள். சட்டம் ஒத்துக்கொள்ளும் காரணங்களில் மரணமும் ஒன்று. முப்பதாயிரம் தப்பியது, வெர்லீனின் வீடு தப்பியது என்றுதான் அவள் மனம் முதலில் கணக்குப் போட்டது. அடுத்த நொடியே, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவனின் முகம் வந்தது. இருபத்து நான்கு வருடத்தில் அவள் தன்னைப் பார்த்து வெட்கப்பட்டது குறைவு. அன்று பட்டாள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஜாமீனில் இருக்கும் பெயர் ஆர்லன் ஸ்பைவி. தாளில் இருப்பது ஆர்லன் டில். இதைக் கொண்டுபோய் நீட்டினால் வெதர்பி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கிழித்துவிடுவார். அவனுடைய உடைமைகள் மாவட்ட சமூகநலத் துறையிடம் ஒரு பையில் இருந்தன. அதை உறவினரிடம் மட்டும்தான் கொடுப்பார்கள். வெர்லீன் வந்தாக வேண்டும். எப்படியும் அவளிடம் சொல்லாமல் இருக்க ஒடெஸாவால் முடியாது. ஆனால் இப்போது சொல்வது, ஏதோ தன் காரியத்துக்காகச் சொல்வது போல் ஆகிவிட்டதே என்று வழிநெடுக அவளுக்கு உறுத்தியது.

கோடை விடுமுறையில் ஓட்டுநர்கள் பேருந்துக் கொட்டகையில் கிழிந்த இருக்கைகளுக்கு ஒட்டுப் போடுவார்கள். ஒடெஸா போனபோது வெர்லீன் ஒரு பேருந்துக்குள் தனியாக இருந்தாள். ஒடெஸா ஏறி, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். குழந்தைகளுக்கான இருக்கை, முழங்கால் இடித்தது.

"கண்டுபுடிச்சுட்டீங்க" என்றாள் வெர்லீன், தலையைத் தூக்காமல்.

"ஆமாம்மா."

"எந்த ஜெயில்ல இருக்கான்?"

ஒடெஸா இல்லையென்று தலையசைத்தாள். வெர்லீனின் கை நின்றது. அவள் ஒடெஸாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"எப்போ?"

"மே மாசம். பத்தொம்போது. வயித்துல ஏதோ வெடிச்சுப்போச்சு. ஆஸ்பத்திரியிலதான் இருந்திருக்கான். உங்கம்மாவோட பொறந்த வீட்டுப் பேரச் சொல்லியிருக்கான், டில்னு. அதனாலதான் யாருக்கும் தெரியல."

வெளியே யாரோ ஒரு இயந்திரத்தைக் கிளப்பிப் பார்த்தார்கள், அது இருமிவிட்டு நின்றது.

"எங்க இருக்கேன்னு சொல்ல வந்தான்" என்றாள் வெர்லீன். "நான்தான் சொல்லாதடான்னேன். சொல்லியிருந்தா நான் போயிருப்பேன்ல. யாருமில்லன்னு எழுதியிருக்க மாட்டாங்கல்ல."

"நீ அவனுக்காகத்தான் அப்படிச் சொன்ன."

"அதெல்லாம் சரிதான். ஆனா சொன்னேன்ல."

ஒடெஸா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பையைப் பற்றியும் மனுவைப் பற்றியும் அன்று சொல்ல வேண்டாம் என்று நினைத்திருந்தாள். வெர்லீனே கேட்டாள்.

"இதுக்கப்புறம் நெலம் என்ன ஆகும்?"

"அதுக்கு நீ எங்கூட மெர்சர் வரணும். உன்னால முடியும்போது சொல்லு. பதினெட்டு நாள் இருக்கு."

"நாளைக்கே போலாம்" என்றாள் வெர்லீன். "அவன அங்க இன்னொரு நாள் விட்டு வைக்க வேணாம்."

சமூகநலத் துறைப் பெண் ஒரு காகிதப் பையையும், கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றையும் கொண்டுவந்து வைத்தாள். பெட்டியில் சாம்பல். பையில் ஒரு ஜோடி பூட்ஸ், மடக்குக் கத்தி, சட்டை. சட்டைப் பையில் நாலாக மடித்த காகிதம். பிரித்தால் மாரோ மாவட்ட நீதிமன்றத்தின் முத்திரை, வழக்கு எண், ஆர்லன் ஸ்பைவி என்ற முழுப்பெயர். வேர்வையில் ஓரம் கரைந்திருந்தது. பின்பக்கத்தில் பென்சிலால், மெர்சரிலிருந்து கெல்சோ வரும் பேருந்து நேரங்கள் எழுதியிருந்தன. காலை ஏழு பத்து, மதியம் ஒன்று நாற்பது.

வெர்லீன் அதை வெகுநேரம் பார்த்தாள். "இது எப்ப எழுதுனது?"

"தெரியாதும்மா."

"திரும்பி வரணும்னு நெனச்சிருப்பானோ?"

ஒடெஸாவுக்கு ஆமாம் என்று சொல்ல வேண்டும் போல்தான் இருந்தது. "நேரம் விசாரிச்சிருக்கான். அது மட்டும் நிச்சயம்" என்றாள்.

கெடு முடியப் பதினாறு நாள் இருக்கையில் அவள் மனுப் போட்டாள். மரணச் சான்றிதழ், அந்தக் காகிதம், தாயின் குடும்பப்பெயர் டில் என்று காட்டும் ஆர்லனின் பிறப்புப் பதிவு, உறவினர் என்ற முறையில் வெர்லீன் கேட்டு வாங்கிய ஆஸ்பத்திரிக் கோப்பு, டாட்டியின் வாக்குமூலம். டாட்டி நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டு, கூரை வேலையைப் பற்றியும் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருந்தாள். எதிர்பார்த்தபடியே வெதர்பி ஆட்சேபம் எழுதினார். பெயர் பொருந்தவில்லை, உடல் இல்லை, வேறொருவனின் சட்டையாகவும் இருக்கலாம். செப்டம்பரில் விசாரணை வந்தது.

நீதிபதி ஒரு பெண். அவர் வெர்லீனைச் சாட்சிக் கூண்டில் உட்காரச் சொன்னார். வெதர்பி எழுந்தார். குரலை உயர்த்தவில்லை.

"மிஸ் ஸ்பைவி, உங்க இழப்புக்கு வருந்துறேன். கேட்க வேண்டியது என் கடமை. இறந்தது உங்க தம்பிதான்னு எப்படிச் சொல்றீங்க?"

"ஆஸ்பத்திரி ஃபைல்ல இடது கையில ரெண்டு விரல் இல்லன்னு எழுதியிருக்கு. சுண்டுவிரலும் அதுக்குப் பக்கத்து விரலும். ஜெயில்ல எடுத்த கைரேகையிலயும் அந்த ரெண்டும் இருக்காது, பாருங்க."

வெதர்பி தாள்களைப் புரட்டிப் பார்த்தார். அவள் சொன்னபடியே இருந்தது.

"அது மட்டுமா?"

"இல்ல சார். அவன் ராத்திரி வெளக்க அணைக்க வேணாம்னு நர்ஸுங்ககிட்ட கேட்டிருக்கான். ஆறு நாளும் எரியவிட்டாங்கன்னு அதுலயே எழுதியிருக்கு." வெர்லீன் கைக்குட்டையை மடித்தாள். "சார், நான் ஓட்டுறது உங்க வாரியத்தோட பஸ்தான். பிரேக் தேஞ்சுபோச்சு, காசில்லன்னு சொல்றாங்க. என் தம்பி உயிரோட எங்கயாச்சும் ஓடிட்டிருந்தான்னா அந்த நெலத்த எடுத்துக்கங்கன்னு நானே குடுத்திருப்பேன். சந்தோஷமா குடுத்திருப்பேன்."

வெதர்பி கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு நீதிபதியைப் பார்த்து, "வாரியம் ஆட்சேபத்தைத் திரும்பப் பெறுகிறது" என்றார். நீதிபதி கையெழுத்துப் போட்டார். எல்லாம் பதினொரு நிமிடம்.

நிலத்தின் மேலிருந்த ஈட்டை விடுவிக்கப் பதினைந்து நாள் அவகாசம் இருந்தது. ஒடெஸா மூன்றாம் நாளே பதிவு செய்து தாளை எடுத்துக்கொண்டு வெர்லீன் வீட்டுக்குப் போனாள். வெர்லீன் மாலை நடை முடிந்து சீருடையைக்கூட மாற்றாமல் அடுப்படியில் கீரை வேகவைத்துக்கொண்டிருந்தாள். சாம்பலை அப்பாவின் பக்கத்தில் புதைத்துவிட்டதாகச் சொன்னாள். இரண்டு தட்டு எடுத்து வைத்தாள், சாப்பிடுகிறீர்களா என்று கேட்கவில்லை.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அவன் கேஸு என்ன ஆச்சு?" என்றாள்.

"முடிச்சுட்டாங்க. செத்தவங்க மேல நடத்த மாட்டாங்க."

"குத்தம் செய்யலன்னு எழுதுவாங்களா?"

"இல்ல வெர்லீன். செஞ்சான்னும் எழுத மாட்டாங்க, செய்யலன்னும் எழுத மாட்டாங்க. தள்ளுபடின்னு ஒரு வார்த்த, அவ்வளவுதான்."

வெர்லீன் சோளரொட்டியைப் பிட்டு, கீரைச் சாற்றில் தோய்த்தாள். "நான் அவன ஒரு தடவகூட கேக்கல, செஞ்சியாடான்னு. நீங்களும் கேக்கலல்ல?"

"நான் யாரையும் கேக்க மாட்டேன்."

"தெரியும்" என்றாள் வெர்லீன். "அதனாலதான் உங்ககிட்ட வந்தேன்." தட்டில் இருந்ததை மெதுவாகச் சாப்பிட்டு முடித்தாள். பிறகு எழுந்து, பாத்திரத்தில் மிச்சமிருந்த கீரையை ஒரு டப்பாவில் போட்டு மூடி, ஒடெஸா எடுத்துப்போவதற்காக வாசல் பக்கம் வைத்தாள்.